ஹைலேண்ட்ஸ் வெளியேற்றங்களும் செயின்ட் கில்டாத் தீவும்: வரலாற்று நாவல் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டம் மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸிலும் அதற்கு மேற்கே கடலில் கிடக்கும் தீவுகளிலும் நடக்கிற வரலாற்று நாவல்களைச் சில ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்து வருகிறோம். நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடியானவர்கள், நடுக்கடல் பாறையில் பறவை பிடித்துப் பிழைத்தவர்கள், இவர்களுடைய கதைகள். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்துவிட்டது. அதிலிருந்து தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா, இல்லை நாவலுக்காகக் கட்டியதா?

பாத்திரங்கள் கற்பனை. நிகழ்ச்சி உண்மை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ 1860 வரை, ஹைலேண்ட்ஸிலும் தீவுகளிலும் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்ந்த மக்கள் ஊர் ஊராக வெளியேற்றப்பட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘கிளியரன்ஸ்’ என்று பெயர். புதரை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்வதற்கும் அதே சொல்தான். அந்த மக்களின் தாய்மொழியான கேலிக்கில் வழங்கும் பெயருக்கு, கேலிக் மக்களைத் துரத்தியடித்தது என்று பொருள். நிலக்கிழார்களின் கணக்கேடுகளிலோ இதே செயல் ‘மேம்பாடு’ என்று பதிவாகியிருக்கிறது. ஒரு நாவல் இந்த மூன்று பெயர்களில் எதை யார் வாயில் வைக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

ஹைலேண்ட்ஸ் அயர்லாந்தில்தானே இருக்கிறது?

இல்லை, ஸ்காட்லாந்தில். குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. இரு நாட்டு கேலிக் மொழிகளும் உறவு மொழிகள். 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சம் இரண்டு நாடுகளையும் தாக்கியது. ஆனால் நிலவுடைமையின் வரலாறு வேறு. அடுத்த பதில் அதைப் பற்றியது.

துரத்தியவர்கள் ஆங்கிலேயர்கள்தானே?

எங்கள் வட்டத்தில் அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் சமவெளியில் அரசுப் படை கிளர்ச்சிப் படையை நசுக்கியது. அதன்பின் குலத் தலைவர்களிடம் வழிவழியாக இருந்த நீதி அதிகாரம் சட்டத்தால் பறிக்கப்பட்டது. அதுவரை ஒரு தலைவருக்குப் பெருமை, அழைத்தால் வாளோடு வந்து நிற்க எத்தனை ஆள் இருக்கிறார்கள் என்பதில் இருந்தது. இனி ஆள் தேவையில்லை, குத்தகைப் பணம்தான் தேவை என்றானது. எடின்பரோவிலும் லண்டனிலும் மாளிகை வைத்துக்கொண்டு கடனில் மூழ்கிய தலைவர்களுக்குச் சொந்தக் குடிகள் பாரமாகத் தெரிந்தார்கள்.

ஆகவே துரத்தியவர்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். பல இடங்களில் துரத்தியவருக்கும் துரத்தப்பட்டவருக்கும் ஒரே குலப்பெயர். அந்த மக்களை அதிகம் புண்படுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். குடிகள் கையில் பட்டா இல்லை. ‘நம் தலைவர் நம்மைக் கைவிட மாட்டார்’ என்ற நம்பிக்கை மட்டுமே இருந்தது. நீதிமன்றத்தில் நம்பிக்கைக்கு மதிப்பில்லை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகை முடிந்தது என்று ஒரு தாள் வந்தால் போதும்.

ஆட்டுக்காக மனிதர்களைத் துரத்தினார்கள் என்பது மிகையாக இல்லையா?

மிகையே இல்லை. செவியட் என்ற ஆட்டினம் வடக்கின் குளிரைத் தாங்கும், கம்பளியும் இறைச்சியும் நிறையத் தரும். ஐம்பது குடும்பங்களிடம் சிறுகச் சிறுக வசூலிப்பதைவிட, தெற்கிலிருந்து வரும் ஒரே ஆட்டுப் பண்ணைக்காரரிடம் பள்ளத்தாக்கு முழுவதையும் கொடுத்தால் பல மடங்கு குத்தகை கிடைக்கும். ஆட்டுக்குக் குளிர்காலத்தில் தாழ்நிலப் புல் வேண்டும். தாழ்நிலத்தில்தான் ஊர்கள் இருந்தன. இருவருக்கும் அங்கே இடம் இல்லை.

ரம் என்ற தீவில் 1826இலும் 1828இலும் ஏறக்குறைய தீவு மக்கள் அனைவரும் கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகள் இறக்கப்பட்டன.

எல்லா நாவலிலும் ‘ஃபேக்டர்’ என்று ஒருவர் வில்லனாக வருகிறாரே, அவர் யார்?

நம் ஜமீன் காரியஸ்தரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி தூரத்தில் இருப்பார், காரியஸ்தர் வாசலில் நிற்பார். குத்தகை வசூல், நோட்டீஸ், ஆளை வைத்துக் காலி செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. வரலாற்றில் இந்தப் பெயருக்கு முகம் கொடுத்தவர் பேட்ரிக் செல்லர். சதர்லாந்துக் கோமாட்டியின் பண்ணையில் வேலை பார்த்தவர், படிப்பால் வழக்கறிஞர். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கை அவர் காலி செய்தபோது, காலியாகும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆட்டுப் பண்ணைக்காரரும் அவரே. இதை ஒரு நாவலில் எழுதினால் ‘இப்படியும் நடக்குமா’ என்று கேட்பார்கள்.

அந்த ஆண்டு மார்ச்சிலேயே ஆட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று மலைப் புதர்கள் கொளுத்தப்பட்டன. குடிகளின் மாடுகளுக்கு வசந்தகாலத் தீனி போயிற்று. ஜூனில் வீடுகள். நூறு வயதை நெருங்கிய, படுக்கையில் கிடந்த ஒரு மூதாட்டியின் கூரைக்குத் தீ வைக்கப்பட்டதாகவும், தூக்கி வெளியே கிடத்தப்பட்ட அவர் ஐந்து நாளில் இறந்ததாகவும் சாட்சிகள் சொன்னார்கள். 1816 ஏப்ரலில் இன்வர்னஸ் நகரில் செல்லர் மீது வழக்கு நடந்தது. ஜூரியில் பெரும்பாலோர் நிலக்கிழார்கள், வசதி படைத்தவர்கள். விடுதலை ஆனார். அவரைக் கைது செய்ய உத்தரவிட்ட அதிகாரி பிறகு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது.

வீட்டை ஏன் கொளுத்த வேண்டும்? பூட்டினால் போதாதா?

இந்தக் கேள்வியை ரசித்து வரவேற்பேன், ஏனென்றால் பதில் கூரையில் இருக்கிறது. அந்த வீடுகளின் சுவர் கல்லும் புல்கட்டியும். கதவைப் பூட்டுவதில் அர்த்தம் இல்லை, சுவரை ஒரு நாளில் திரும்ப எழுப்பிவிடலாம். எழுப்ப முடியாதது உத்தரம். அந்த மலைகளில் மரம் அரிது. கூரைச் சட்டங்களுக்கான மரத்தை நெடுந்தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கடல் கரையொதுக்கும் கட்டைக்குக் காத்திருக்க வேண்டும். வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் உத்தரத்தைக் கழற்றி முதுகில் சுமந்து போவது வழக்கம். கல்லை விட்டுவிடலாம், மரத்தை விட முடியாது.

உத்தரம் எரிந்தால் திரும்பி வந்து கூரை போட முடியாது, போகிற இடத்திலும் போட முடியாது. ஒரே நெருப்பில் பழைய வீடும் புதிய வீடும் போயின. சில இடங்களில் மரத்துக்கு ஈடாகக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுக் கொளுத்தினார்கள். பணத்தை அடுக்கி வைத்தால் கூரை ஆகுமா? 1819இல் ஸ்ட்ராத்நேவரில் நடந்த இரண்டாம் சுற்றை டொனால்ட் மக்லியோட் என்ற கொத்தனார் பார்த்தார். இரவு பதினொரு மணிக்கு ஒரு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணியதாகவும், 250 வரை எண்ணியதாகவும் பின்னாளில் எழுதினார்.

அத்தனை பேரும் எங்கே போனார்கள்?

உடனே கப்பல் ஏறினார்கள் என்று நாவல்கள் அவசரமாக முடித்துவிடுகின்றன. தொடக்க காலத்தில் பலரைக் கடற்கரைக்குத்தான் தள்ளினார்கள். அங்கே பாறை நிலத்தில் துண்டு துண்டாக மனை அளந்து கொடுக்கப்பட்டது. மீன்பிடி தெரியாத உழவர்களிடம் ‘இனி மீன் பிடித்துப் பிழையுங்கள்’ என்றார்கள். கெயித்னஸ் பகுதியில் பாட்பே என்ற செங்குத்தான கரையோர ஊரில், காற்று தூக்கிக் கடலில் எறிந்துவிடாமல் இருக்க ஆடுமாடுகளையும் குழந்தைகளையும் கயிற்றில் கட்டி வைத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள்.

மேற்குத் தீவுகளில் இன்னொரு கணக்கு இருந்தது. கடற்பாசியை எரித்தால் கிடைக்கும் கார உப்பு, கண்ணாடிக்கும் சோப்புக்கும் தேவை. நெப்போலியன் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு நின்றுபோய் விலை எகிறியது. ஒரு டன் சாம்பலுக்குச் சுமார் 20 டன் ஈரப்பாசியைக் குளிர்ந்த நீரில் நின்று அறுத்துச் சுமக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆகவே மக்கள் கனடாவுக்குப் போகக் கூடாது என்று அதே நிலக்கிழார்கள் தவித்தார்கள். 1803இல் பயணிகள் நலன் என்ற பெயரில் ஒரு கப்பல் சட்டம் வந்தது. கட்டணம் ஏழைகளுக்கு எட்டாமல் உயர்ந்தது. போர் முடிந்தது, பாசி விலை விழுந்தது, 1846இல் உருளைக்கிழங்கும் அழுகியது. அப்போது அதே மக்களைக் கப்பலேற்றப் பணம் கொடுக்க முன்வந்தார்கள்.

சில இடங்களில் பணம் கொடுத்தது மட்டுமல்ல. 1851இல் சவுத் யூயிஸ்ட், பாரா தீவுகளின் உரிமையாளரான கர்னல் ஜான் கார்டன், மக்களைக் கூட்டத்துக்கு என்று வரவழைத்துக் கப்பலில் ஏற்ற வைத்தார். ஓடியவர்களைத் துரத்திப் பிடித்தார்கள்.

நாவலில் ‘கிராஃப்ட்’ என்று வருகிறதே, அது கைவினைத் தொழிலா?

ஒலிதான் ஒன்று போல் இருக்கிறது. இது ‘க்ரோஃப்ட்’. முந்தைய பதிலில் சொன்ன அளந்து கொடுத்த துண்டு நிலம். அதை வைத்து மட்டும் ஒரு குடும்பம் வாழ முடியாதபடி வேண்டுமென்றே சிறியதாக அளந்தார்கள். நிலம் போதுமானதாக இருந்தால் பாசி அறுக்க யார் வருவார்கள்?

ஏன் எதிர்க்கவே இல்லை? இவ்வளவு பணிந்து போனார்களா?

எதிர்த்தார்கள். 1792இல் ராஸ் பகுதியில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு, தங்கள் மலைகளில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான ஆடுகளை மாவட்ட எல்லைக்கு வெளியே ஓட்டத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு இன்றும் கேலிக்கில் ‘ஆடுகளின் ஆண்டு’. ராணுவம் வந்தது, கூட்டம் கலைந்தது, சிலருக்குத் தண்டனை விழுந்தது.

பிந்தைய மோதல்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். ஆண்கள் மீன்பிடிக்கோ தெற்கே கூலி வேலைக்கோ போயிருப்பார்கள். பெண்களை அடிக்க மாட்டார்கள் என்ற எண்ணமும் இருந்திருக்கும். 1854இல் கிரீன்யார்ட்ஸ் ஊரில் அந்த எண்ணம் பொய்த்தது. போலீஸ் தடியால் பெண்களின் மண்டை உடைந்தது. 1882இல் ஸ்கை தீவின் ப்ரேஸ் பகுதியில் நோட்டீஸ் கொண்டுவந்த அதிகாரியையே அந்தத் தாள்களைக் கொளுத்த வைத்தார்கள் ஊர்மக்கள். கிளாஸ்கோவிலிருந்து 50 போலீசார் வந்து இறங்கினார்கள். செய்தித்தாள்கள் பின்னால் வந்தன. மறு ஆண்டு விசாரணைக் குழு ஊர் ஊராகச் சென்று குடிகளின் வாய்மொழியைப் பதிவு செய்தது. 1886இல் சட்டம் வந்தது: நியாயமான குத்தகை, நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாத பாதுகாப்பு, வாரிசுரிமை. ஸ்ட்ராத்நேவர் எரிந்து அப்போது எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

பாதிரியார்கள் ஏன் எப்போதும் பணக்காரன் பக்கம்?

அந்தக் காலத்தில் ஊருக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலக்கிழாரிடம் இருந்தது. வீடும் மேய்ச்சல் நிலமும் அவர் தயவு. ‘உங்கள் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை’ என்று பிரசங்கம் செய்தவர்கள் இருந்தார்கள். குடிகளுக்காக எழுதியவர்களும் வாதாடியவர்களும் இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1843இல் திருச்சபை பிளந்தபோது ஹைலேண்ட்ஸ் மக்களில் பெரும்பகுதி நியமன உரிமையை எதிர்த்த சுதந்திரத் திருச்சபைக்குப் போனார்கள். கோயில் கட்ட நிலம் கொடுக்க மறுத்தார்கள் சில நிலக்கிழார்கள். திறந்தவெளியில் மழையில் நின்று வழிபட்டார்கள்.

துரத்தப்பட்டவர்கள் தாங்களே எழுதி வைத்த சான்று ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் பெரியதாகத் தோன்றுவது ஒரு ஜன்னல் கண்ணாடி. 1845 மே மாதம் க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 80 பேர், போக இடமில்லாமல் க்ராயிக் தேவாலயத்தின் கல்லறை வளாகத்தில் கம்பு நட்டுப் போர்வை கட்டித் தங்கினார்கள். தேவாலய ஜன்னலில் சாய்சதுர வடிவத்தில் சிறுசிறு கண்ணாடித் துண்டுகள். அவற்றில் வெளிப்பக்கமிருந்து ஏதோ கூர்மையானதால் கீறினார்கள். க்ளென்கால்வி மக்கள் 1845 மே 24 அன்று இந்த வளாகத்தில் இருந்தார்கள் என்று ஒரு வரி. ‘க்ளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை’ என்று இன்னொன்று. மேலே சொன்ன பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள், வீடு போனது தங்கள் பாவத்தால்தான் என்று நம்பியிருக்கிறார்கள். பேசியது கேலிக், கீறியது ஆங்கிலத்தில். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த மொழி அதுவாக இருந்திருக்க வேண்டும். பின்னால் வருகிற அந்நியன் படிக்கட்டும் என்ற நினைப்பும் இருந்திருக்கலாம். அந்தக் கண்ணாடி இன்றும் அங்கே இருக்கிறது.

மேலே சொன்ன கொத்தனார் மக்லியோட் 1840களில் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதங்களும் உண்டு. சம்பவத்துக்கு இருபது ஆண்டு கழித்து, ஆறாத கோபத்தோடு எழுதியவை. எண்ணிக்கைகளைச் சரிபார்க்க வேண்டும், வலியைச் சரிபார்க்க வேண்டியதில்லை. அடிமை முறைக்கு எதிரான நாவலால் உலகப் புகழ் பெற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், சதர்லாந்து மாளிகையின் விருந்தாளியாக இருந்துவிட்டு, 1854இல் இந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்து எழுதினார். மக்லியோட் கனடாவிலிருந்து பதில் எழுதினார். எதிர்ப்பக்கத்தில், கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் சதர்லாந்தைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். நம் ஊரில் அந்த நூலைப் படித்த பலர் அந்தப் பக்கங்களைக் கடந்து வந்திருப்பார்கள்.

எங்கோ ஸ்காட்லாந்து. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாகப்பட்டினம் சம்பந்தம் இருக்கிறது. ராஸ் பகுதியில் ஃபைரிஷ் என்ற குன்றின் உச்சியில் கல் வளைவுகள் கொண்ட ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1782இல் கட்டியவர் சர் ஹெக்டர் மன்ரோ. பக்சார் போரில் வென்றவர், 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் ஆங்கிலேயப் படை நொறுங்கியபோது உதவிக்குப் போகத் தவறியவர், 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். அந்தச் சின்னம் நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் எழுப்பப்பட்டது. வேலையில்லாத உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டினார் என்றும், வேலை நீள வேண்டும் என்று ஏற்றிய கற்களைத் திரும்ப உருட்டிவிடச் செய்தார் என்றும் சொல்வார்கள். பத்து ஆண்டுக்குள் அதே ராஸ் வட்டாரத்தில்தான் ஆடு ஓட்டும் கலகம் வெடித்தது.

பணம் வந்த வழிகளைப் பாருங்கள். 1844இல் லூயிஸ் தீவை விலைக்கு வாங்கிய ஜேம்ஸ் மாத்தசன், இந்திய அபினைச் சீனாவுக்கு விற்றுப் பணக்காரரானவர். பாரா மக்களைக் கப்பலேற்றிய கர்னல் கார்டனுக்கு, கரீபியத் தீவில் அடிமைகளை வைத்திருந்ததற்காக அரசு இழப்பீடு கிடைத்திருக்கிறது. ஹைலேண்ட்ஸ் கதையை ஹைலேண்ட்ஸுக்குள் மட்டும் சொல்லும் நாவல் பாதியைத்தான் சொல்கிறது.

செயின்ட் கில்டா என்ற புனிதர் யார்?

அப்படி ஒரு புனிதரே இல்லை. பழைய வரைபடக்காரர்களின் பிழையில் பிறந்த பெயர் என்பதே பொதுவான கருத்து. நார்த் யூயிஸ்ட் தீவுக்கும் மேற்கே சுமார் 64 கி.மீ. தள்ளி அட்லாண்டிக்கில் நிற்கும் தீவுக்கூட்டம் அது. மக்கள் வாழ்ந்த தீவின் பெயர் ஹிர்ட்டா. அதன் உச்சியான கோனகர் 430 மீட்டர், ஒரு பக்கம் நேராகக் கடலில் இறங்குகிறது.

பறவையைத் தின்று மட்டுமே உயிர் வாழ்ந்தார்களா?

கொஞ்சம் ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, ஆடு மாடு எல்லாம் இருந்தன. ஆனால் உயிர்நாடி கடற்பறவை: கானெட், ஃபுல்மார், பஃபின். இறைச்சி உணவு, எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும், இறகு குத்தகைக்கு. இறகை மூட்டை கட்டிக் காரியஸ்தரிடம் அளந்து கொடுப்பார்கள். ஆண்கள் வெறுங்காலோடு கயிற்றில் இறங்கிப் பிடிப்பார்கள். நல்ல கயிறு சொத்து.

இவ்வளவு இறைச்சியை உப்பு அதிகம் இல்லாமல் எப்படிப் பாதுகாத்தார்கள்? இங்கேதான் ‘க்ளீட்’ வருகிறது. சாந்தில்லாமல் அடுக்கிய கல் அறை, மேலே கல் பாளங்கள், அதன்மேல் புல் வேய்ந்த மண். வெளியிலிருந்து பார்த்தால் மண்மேடு போல இருக்கும். கல் இடுக்குகள் வழியே கடல்காற்று ஓயாமல் ஊடுருவும், மேலே மண் இருப்பதால் மழை இறங்காது. உள்ளே தொங்கும் பறவை அழுகாமல் காய்ந்துவிடும். ஹிர்ட்டாவில் மட்டும் இப்படி 1,200க்கும் மேல். நாவலில் ஒரு பாத்திரம் இதற்குள் ஒளிந்துகொண்டால், அங்கே காற்று வீசிக்கொண்டே இருக்க வேண்டும். கதகதப்பாக உறங்கினாள் என்று எழுதினால் நம்பாதீர்கள்.

அந்தத் தீவை ஒரு சொர்க்கம் போலக் காட்டுகிறார்களே, சரியா?

காலையில் ஆண்கள் தெருவில் கூடி அன்றைய வேலையைப் பேசி முடிவு செய்ததும், பிடித்த பறவைகளைப் பங்கிட்டதும் உண்மை. வெளியிலிருந்து வந்தவர்கள் அதற்கு ‘பார்லிமென்ட்’ என்று பெயர் வைத்தார்கள். நாவல்கள் அதில் மயங்குகின்றன.

அதே தெருவில் பிறந்த குழந்தைகள் எட்டு நாள் தாண்டாமல் இறந்துகொண்டே இருந்தன. தொப்புள் வழியாகப் புகும் டெட்டனஸ். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கஸ் ஃபிட்ஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோ சென்று கிருமி நீக்கும் பிரசவ முறையைக் கற்று வந்து, அதைப் பின்பற்ற வைத்த பிறகே அது நின்றது. பாதிரியார்களைப் பற்றி மேலே கடுமையாகப் பேசினேன். இவரையும் அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதினொரு பேர் கடல் பாறையில் ஒன்பது மாதம் சிக்கியது உண்மைக் கதையா?

உண்மை. 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற செங்குத்துப் பாறையில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. திரும்ப வரவில்லை. ஊரில் பெரியம்மை. ஹாரிஸ் தீவில் இறந்த ஒருவரின் உடைகளோடு வந்த நோய். படகு வலிக்க ஆள் மிஞ்சவில்லை. 1728 மே மாதம் நிலக்கிழாரின் ஆள் வந்தபோதுதான் பதினொரு பேரும் மீட்கப்பட்டார்கள், உயிரோடு. பாறையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், ஊரில் இருந்தவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். பாறையிலிருந்து தெரியும் கரையில் புகை எழவில்லை என்பதை அந்தச் சிறுவர்கள் எந்த நாளில் கவனித்திருப்பார்கள்?

1930இல் அவர்களே மனு போட்டுத்தானே தீவைவிட்டுப் போனார்கள்? அதை எப்படித் துரத்தியது என்று சொல்ல முடியும்?

மிகவும் நேர்மையான கேள்வி. ஆம், 1930 மே 10 தேதியிட்ட மனுவில் தீவு மக்களே கையெழுத்திட்டு, குளிர்காலத்துக்கு முன் எங்களை அழைத்துச் செல்லுங்கள் என்று அரசைக் கேட்டார்கள். அங்கே காரியஸ்தர் தீ வைக்கவில்லை. ஆகஸ்ட் 29 அன்று எஞ்சியிருந்த 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். ஆகவே இதையும் ஸ்ட்ராத்நேவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் நாவல் தவறு செய்கிறது.

ஆனால் ‘தாங்களாகவே போனார்கள்’ என்ற வரியோடு நிறுத்துவதும் தவறு. 1852இல் ஒரே முறையில் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, ஏறக்குறைய பாதிப்பேர் வழியிலும் கரை தொட்டதும் இறந்தார்கள். அந்த இழப்பிலிருந்து ஊர் மீளவில்லை. பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராக நகரத்துக்குப் போனார்கள். படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் கை குறைந்தது. மருத்துவர் இல்லை, குளிர்காலத்தில் கப்பல் இல்லை. 1930 தொடக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நோயுற்று, கிளாஸ்கோ கொண்டுசெல்லப்பட்டார்; அங்கேயே இறந்தார். ஒழுங்கான தபால் வசதிக்கும் நல்ல படகுத்துறைக்கும் தலைமுறைக் கணக்கில் கேட்டுச் சலித்தவர்கள் கடைசியில் தங்களையே எடுத்துச் செல்லச் சொன்னார்கள். போ என்று யாரும் சொல்லாமலேயே ஓர் ஊரைப் போக வைக்க முடியும். என் கருத்தில் இந்த இரண்டு வகை நாவல்களையும் சேர்த்து வாசிக்க வேண்டிய காரணம் இதுதான்.

அந்தக் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் விரித்த பைபிளையும் சிறு குவியல் ஓட்ஸையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நாய்களின் கழுத்தில் கல் கட்டிக் கடலில் விட்டார்கள். ஆடுகள் இரண்டு நாள் முன்பே செலவை ஈடுகட்ட விற்பனைக்குப் போயிருந்தன. மரமே இல்லாத தீவிலிருந்து வந்த ஆண்கள் பலருக்கு அரசு கொடுத்தது வனத்துறை வேலை.

நாவலாசிரியர் ஒழுங்காக உழைத்திருக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் பார்ப்பது சில இடங்களைத்தான். வெளியேற்றம் எந்த மாதத்தில் நடக்கிறது? குத்தகை ஆண்டு மே மாதத்தில் முடிவதால் பெரும்பாலான வெளியேற்றங்கள் மே, ஜூனில் நடந்தன. க்ராயிக் கண்ணாடியின் தேதியே சாட்சி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் காரணமில்லாமல் பனி கொட்டினால் ஆசிரியர் கண்ணீருக்கு அவசரப்படுகிறார். அடுத்து உத்தரம்: எரியும்போது மனிதர்கள் எதைக் காப்பாற்ற ஓடுகிறார்கள்? அடுத்து உடை. 1819இல் எல்லாரும் பளபளக்கும் கட்டம் போட்ட குலத் துணியில் நின்றால் சந்தேகப்படுங்கள். அது 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது சீமான்கள் மத்தியில் பரவிய மோகம். குடிகள் வெளியேற்றப்பட்ட அதே ஆண்டுகளில் அவர்களுடைய உடை மாளிகைகளில் அலங்காரமாயிற்று.

கடைசியாகத் தாள். நோட்டீஸ் ஆங்கிலத்தில் வரும், கேட்பவர்கள் கேலிக் பேசுபவர்கள். யாரோ ஒருவர் நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அந்த ஆளை நாவல் காட்டுகிறதா என்று தேடுங்கள்.

நிலம் திரும்பக் கிடைத்ததா?

ஓரளவு. 1886 சட்டம் எஞ்சியிருந்தவர்களைக் காத்தது, போனவர்களைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 1993இல் அசின்ட் பகுதிக் குடியானவர்களும் 1997இல் எய்க் தீவு மக்களும் பணம் திரட்டித் தங்கள் நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் மற்ற ஊர்களும் இப்படி வாங்க வழி வகுத்தது.

இப்போது அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது?

கோல்ஸ்பி ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் சதர்லாந்து முதல் டியூக்கின் பிரம்மாண்டமான சிலை 1830களிலிருந்து நிற்கிறது. பல கி.மீ. தொலைவிலிருந்தும் தெரியும், தேட வேண்டியதில்லை. ஸ்ட்ராத்நேவரில் ரோசல் என்ற ஊரைப் பார்க்க இறங்கி நடக்க வேண்டும். 1962இல் அகழாய்வு செய்த இடம். முழங்கால் உயரச் சுவர்கள், கதிர் உலர்த்திய சூளையின் பள்ளம், உழுத வரப்புகள். சுற்றிலும் பழுப்பான புதர்க்காடு. எரு போட்டு உழுத நிலத்தில் மட்டும் புல் இன்னும் பச்சையாக இருக்கிறது.